உள்ளேதான் இருக்கிறான்

அதிபரின் குரலை எங்கள் மலையூர் சிபாக்கில் தெரியாதவர்கள் கிடையாது. தேர்தலுக்கு முன்னால் அவர் ஹெலிகாப்டரில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார். அங்கிருந்து நடந்தே சந்தைக்கு வந்து, சபினாவின் கடையில் நின்று, வாழையிலையைப் பிரித்து, சோளமாவில் அவித்த தமாலைச் சுடச்சுடத் தின்றார். விரலை நக்கிக்கொண்டே மைக்கை வாங்கி, "என் ஆட்சியில கொலைகாரன் ஒருத்தனுக்கும் சிறைக்கதவு திறக்காது" என்றார். கரகரப்பான குரல். பூசை வைக்கும் பாதிரியார் மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து முடிப்பார். எங்கள் ஊர் இளவட்டங்கள் அந்தக் குரலில் பேசிக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பாஸ்குவாலின் பஸ் கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தபோது, அது யார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்குவால் பஸ் முதலாளிகள் சங்கத்தின் தலைவன். வழக்கமாகக் கால்பந்து ஆட்டம் வைப்பான். அன்று தலைநகர் வானொலி, யாரோ ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரல் அதிபருடையது. இன்னொன்று அவருடைய அந்தரங்கச் செயலாளர் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

"சிபாக் பஸ் டிரைவர் கொலைக் கேஸ் சார். அந்தப் பையனோட ஆளுங்க நமக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டாங்க."

"அப்ப வெளிய விடு. இதுக்கெல்லாமா என்னைக் கேப்ப."

"ஊர்க்காரங்கதான் யோசனையா இருக்கு. மலைக்காரங்க. போன தடவை பெட்ரோல் கேனோட நின்னாங்க."

அதிபர் சிரித்தார். "அங்க ஒரு நீதிபதியம்மா இருக்காளே, நெசவுப் பாவாடை கட்டிக்கிட்டு. அவ போன் பண்ணினா உள்ளதான் இருக்கான்னு சொல்லுங்க. அவ நம்பிடுவா. அவ நம்பினா ஊரே நம்பும்."

"கொண்டுவந்து விட்ட போலீஸ்காரனும் நம்ம ஆளுதான் சார். வாயத் தொறக்கமாட்டான்."

அதற்குப் பிறகு பேச்சு ஏதோ குதிரை வாங்குவதைப் பற்றிப் போய்விட்டது.

சந்தையில் கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. முந்தின வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் அந்த அமைதி விளங்கும்.

சபினாவின் புருஷன் அன்செல்மோ, பாஸ்குவாலின் பஸ்ஸை ஓட்டியவன். கப்பம் கேட்டு வந்த கும்பலுக்கு அவன் தர மறுத்தான். ஒரு காலை, பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, வில்மர் என்கிற பையன் முன்படியில் ஏறி அவன் கழுத்தில் சுட்டான். ஓடியவனை ஊர் மக்காச்சோளக் காட்டில் மடக்கிப் பிடித்தது. சந்தைத் தூணில் கட்டி அடித்தார்கள். பெட்ரோலும் வந்துவிட்டது. அப்போதுதான் ஒலிம்பியா ஷிலோ குறுக்கே வந்து நின்றாள். எங்கள் ஊர் நீதிமன்றத்தின் நீதிபதி அவள். எங்களில் பிறந்து, எங்கள் பாஷை பேசி, வக்கீலுக்குப் படித்துவிட்டு எங்களிடமே திரும்பி வந்தவள்.

"எரிச்சா இன்னியோட முடிஞ்சுது சபினா," என்றாள். "ஒப்படைச்சா இவன அனுப்பினவன் வரைக்கும் போகலாம். ஒரே ஒரு தடவை அரசாங்கத்த நம்பிப் பாப்போம்."

சபினா வெகுநேரம் வில்மரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலால் பெட்ரோல் கேனைத் தள்ளிவிட்டாள். வில்மரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளன் ஹெரார்தோ லெமுஸ். சபினாவின் மூத்த மகன் ருபீனோ மாவட்டக் கோர்ட்டில் போய், "இவன்தான் எங்கப்பாவைச் சுட்டான்" என்று கை நீட்டிக் காட்டினான். வில்மருக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஊர் முழுக்க ஒலிம்பியாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

மழைக்காலம் முடிகிற சமயம் ருபீனோவை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். அம்மாவின் மடியில் கிடந்து, "வில்மர்தாம்மா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுச் செத்தான். சபினா ரத்தத் துணியோடு ஒலிம்பியாவிடம் ஓடினாள். ஒலிம்பியா தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினாள். பேசிவிட்டு வந்து சபினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அவன் உள்ளதான் இருக்கான் சபினா. புள்ள வலியில ஆள் மாத்திச் சொல்லிட்டான்" என்றாள்.

சபினா அதையும் நம்பினாள். தன் மகனின் கடைசி வார்த்தையை ஒதுக்கிவிட்டு அரசாங்கத்தின் வார்த்தையை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குரல் ஒலிபெருக்கியில் சிரித்தபோது லெமுஸ் அவள் கடை முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே சோளக்கஞ்சி குடிப்பான். கிழக்கே வறண்ட பக்கத்து ஆள். எங்கள் பாஷையில் நாலைந்து வசவுகள் மட்டும் கற்று வைத்திருந்தான். ஆரஞ்சுக்காரியிடம் காசு கொடுக்காமல் பழம் எடுப்பான். விறகு லாரிகளை நிறுத்திக் கைநீட்டுவான். பதிவு ஒலிப்பதற்குச் சற்று முன்னால்கூட, "அக்கா, உங்க கஞ்சில சோளம் எங்கயாவது கண்ணுல பட்டா கூப்பிடுங்க" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். சபினாவும், "ஓசிக் கஞ்சிக்கு இந்த வாயா" என்று திருப்பிக் கொடுத்திருந்தாள்.

கொண்டுவந்து விட்ட போலீஸ்காரன் நம்ம ஆளு என்று ஒலிபெருக்கி சொன்னபோது லெமுஸின் கையில் கிண்ணம் இருந்தது. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் வந்து..."

சபினா அடுப்பிலிருந்த பானையை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் கவிழ்த்தாள்.

கொதிக்கிற கஞ்சி தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவன் அலறிக்கொண்டு எழுந்து, தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் வழித்தான். கண் தெரியாமல் பலகையில் மோதி விழுந்தான். விழுந்தவனின் இடுப்பிலிருந்து யாரோ துப்பாக்கியை உருவிக்கொண்டார்கள். முதல் உதை ஆரஞ்சுக்காரியுடையது. அப்புறம் யார் உதைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பந்தல் கம்புகள், எடைக்கற்கள், கயிற்றுச் சாட்டைகள் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் வந்தன. வலது கையை ஒரு கல்லின்மேல் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினார்கள். காவல் நிலையத்திலிருந்த மற்ற போலீஸ்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, வண்டியில் ஏறிப் பின்பக்கச் சாலையில் போய்விட்டார்கள்.

மாதா கோயிலில் இருந்த ஒலிம்பியாவுக்கு முதலில் ஒலிபெருக்கியின் பேச்சும் பிறகு அலறலும் கேட்டன. ஓடி வந்தாள். முழங்கையால் இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். லெமுஸின் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகில் இரண்டு கம்படி விழுந்த பிறகுதான் யாரோ, "நிறுத்துங்கடா, நீதிபதியம்மா" என்றார்கள். அந்த ஒரு தயக்கம் அவளுக்குப் போதுமாயிருந்தது. சட்டைக் காலரைப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டே போய், சந்தையை ஒட்டியிருந்த நீதிமன்றத்துக்குள் தள்ளி, இரும்புக் கதவைப் பூட்டினாள்.

உள்ளே நடந்ததை ஒலிம்பியா பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவன் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தான். ஒரு கண் வெந்து மூடிப்போயிருந்தது. அவள் ராணுவ முகாமுக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவன், "இங்க ஆளே இல்லம்மா. எல்லாரையும் தலைநகருக்கு வரச் சொல்லிட்டாங்க. அதிபர் மாளிகையைச் சுத்தி ஜனம் நிக்குதாம்" என்றான். ஆளுநர் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவள் லெமுஸின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்லு. நீ அவங்க ஆளா?"

"நான் வண்டி ஓட்டினேன். அவ்வளவுதான்." பேசும்போது வாயிலிருந்து ரத்தம் நுரைத்தது. "நாற்சந்தில வேற போலீஸ் வண்டி வந்து நின்னுச்சு. கையெழுத்து வாங்கிட்டு அவன மாத்திக்கிட்டாங்க. அவங்கதான் ஜெயில்ல கொண்டுபோய் விட்டாங்க."

"அப்புறம் அவன நீ பாக்கவே இல்லையா?"

லெமுஸ் மூடாத ஒரு கண்ணைத் தரைக்குத் திருப்பினான்.

"கேக்குறேன்ல."

"ஒரு தடவை பாத்தேன். ஊருக்கு லீவுல போறப்ப. கடலோர ரோட்டுல, பெட்ரோல் பங்க்ல நின்னு சோடா குடிச்சுக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்துக் கையக் கூட ஆட்டினான்."

"எப்ப?"

"ருபீனோவச் சுடறதுக்கு முன்னாடி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? மேல எழுதியிருப்பீங்க. மேலதான அவன விட்டது. யார்னு தெரியாம நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, அம்மா."

ஒலிம்பியா சாவிக்கொத்து இருந்த கையாலேயே அவன் வாயில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அவன் தடுக்கவில்லை. இன்னும் ஒரு குத்துக்குக் கையை ஓங்கியபோது, வெளியே கதவை இடிக்கிறவர்களின் மூச்சும் தன்னுடைய மூச்சும் ஒன்றாக இருப்பது அவள் காதிலேயே விழுந்தது என்றாள். கையை இறக்கிக்கொண்டு அழுதாளாம்.

பிறகு எழுந்து வெளியே வந்து, கதவை வெளிப்பக்கமாகப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். நாங்கள் எல்லோரும் எதிரே நின்றுகொண்டிருந்தோம். பாஸ்குவால் முன்னால் வந்தான். அவன் கையில் பெட்ரோல் கேன்.

"அக்கா, வழி விடு."

"வில்மர ஒப்படைக்கச் சொன்னது நான். அனுப்பற உத்தரவுல கையெழுத்துப் போட்டது நான். உள்ளதான் இருக்கான்னு ஊருக்குச் சொன்னது நான். எரிக்கணும்னா என்கிட்ட ஆரம்பி."

"உன்னை ஏமாத்தினாங்க. ஊரே கேட்டுச்சே. நீ எங்க பொண்ணு."

"இவனையும்தான் ஏமாத்தினாங்க."

"இவன் யாரு நமக்கு?" என்றான் பாஸ்குவால். "ஆரஞ்சுப் பழத்தையே திருடறவன் ஆளத் திருடமாட்டானா? நகரு அக்கா. இந்த நாட்டுல இனிமே எவன்கிட்ட எவனை ஒப்படைக்கச் சொல்ற? பேரச் சொல்லு. ஒரே ஒரு பேரு. நான் இந்தக் கேனைக் கீழ வச்சிடறேன்."

அவன் நிஜமாகவே காத்திருந்தான். ஒலிம்பியா வாயைத் திறந்தாள். மாவட்டக் கோர்ட்டு, அரசு வழக்கறிஞர், சிறைத்துறை, அமைச்சர் என்று ஒவ்வொன்றாக அவள் மனசுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெயரும் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சபினா வந்தாள். கஞ்சி தெறித்து அவள் கைகளிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"என் புள்ள சாகறப்ப அவன்தான்னு சொன்னான். நீ இல்லேன்னு சொன்ன. நான் உன் பேச்சைக் கேட்டு, புள்ள பொய் சொல்லிட்டான்னு நினைச்சுப் புதைச்சேன். இப்ப இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு ஒலிம்பியா. என் கண்ணப் பாத்துச் சொல்லு. நான் இவங்களத் தடுக்கறேன்."

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். ஊரை நிறுத்தக்கூடியவள் அன்று சபினா ஒருத்திதான். ஒலிம்பியா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சபினா தலையை ஆட்டினாள். திரும்பிப் போய்த் தன் கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் பின்பக்கம் ஓடுகளைப் பிரித்துக்கொண்டு ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். உள்ளே மேசை உருளும் சத்தம், லெமுஸின் சத்தம். ஒலிம்பியா சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறப்பதற்குள் அவனைப் பின்வாசல் வழியாக இழுத்துப்போய்விட்டார்கள். வில்மரைக் கட்டிய அதே தூணில் கட்டவில்லை. கட்டுவதற்கு அவசியமே இருக்கவில்லை. அவனால் நிற்க முடியவில்லை. சந்தை நடுவில் போட்டுப் பெட்ரோலை ஊற்றினார்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். எங்கள் பாஷையில் தனக்குத் தெரிந்த வசவுகளில் ஒன்றைச் சொன்னான்; வேறு வார்த்தை தெரியாததால் அதையே கெஞ்சுவதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பாஸ்குவால் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டான்.

ஒலிம்பியா ஓடிவந்து எரிகிறவனைப் பிடித்து இழுத்தாள். ஒருவன் கம்பால் அவள் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவள் இன்னொரு கையால் பிடித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆரஞ்சு மூட்டைகளின் மேல் போட்டு, இரண்டு பெண்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டே அவள் கண்ணைத் தன் கையால் மூடினாள். லெமுஸ் எழுந்து, நெருப்போடு சில அடி நடந்தான். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். காய்கறிக் கடைகளுக்கு முன்னால் முட்டி போட்டு விழுந்தான். பிறகு அசையவில்லை. யாரோ நீதிமன்றத்துக்கும் தீ வைத்தார்கள்.

அந்த வாரமே அதிபர் பதவி விலகினார். வானொலி அந்தச் செய்தியை நாள் முழுக்கச் சொன்னது. தலைநகரில் ஜனங்கள் கொடி பிடித்து ஆடினார்கள் என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு வெடிகூடப் போடவில்லை. நியாயம் கேட்டுத் தெருவில் நின்றவர்கள் அவர்கள். எங்கள் சந்தைத் தரையில் கருப்பு இன்னும் கழுவிப் போகவில்லை.

லெமுஸின் மனைவி நோர்மா கிழக்கேயிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். கையில் கட்டுப் போட்டிருந்த ஒலிம்பியாதான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் எஞ்சியதைக் காட்டினாள். நோர்மா வாந்தி எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொட்டி ஒண்ணு இருந்தா குடுங்க, நான் கெளம்பறேன்" என்றாள்.

"கேஸ் குடுக்கணும். நான் சாட்சி சொல்றேன். எல்லாரையும் பாத்தேன்," என்றாள் ஒலிம்பியா.

நோர்மா அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சாட்சி சொன்ன பையனுக்கு என்னாச்சுன்னு அவர் எனக்குச் சொல்லியிருக்கார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. எங்க பேரை எதுலயும் எழுதாதீங்க."

பிற்பாடு தலைநகரிலிருந்து அரசு வழக்கறிஞர் ஒருவர் வந்தார். இளவயசுக்காரர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். வீடு வீடாகக் கேட்டார். நாங்கள் எல்லோரும் அன்று சந்தைக்கே போகவில்லை என்றோம். ஒலிம்பியா மட்டும் சொன்னாள். பாஸ்குவால் பெயரைச் சொன்னாள். முதலில் கஞ்சியை ஊற்றியது சபினா என்று சொன்னாள். அடைபட்டுக் கிடந்தவனின் பல்லைத் தான் உடைத்ததையும், சபினா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றதையும் சொன்னாள். வழக்கறிஞர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அது எப்படியோ ஊருக்குள் தெரிந்துவிட்டது. அவள் வீட்டு நாயை விஷம் வைத்துக் கொன்றார்கள். சந்தையில் அவளுக்கு உப்பு விற்க ஆளில்லை. பாஸ்குவால் தெருவில் அவள் எதிரே வந்து நின்று, "எரிக்க வேண்டிய ஆள அன்னிக்கே விட்டுட்டோம்" என்று சொல்லிக் காலடியில் துப்பினான்.

ஒரு மத்தியானம் சபினா அவள் வீட்டுக்குப் போனாள். அண்டை வீட்டுக்காரர்கள் அடிதடியை எதிர்பார்த்து வேலியோரம் கூடினார்கள்.

"என் பேரச் சொன்னியாமே," என்றாள் சபினா.

"சொன்னேன்."

"நல்லது. சொல்ல வேண்டியதுதான்." உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சின்னவள என் தங்கச்சி வீட்ல விட்டுட்டேன். ரெண்டு பாவாடை, ஒரு போர்வை மூட்டை கட்டி வச்சிருக்கேன். எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

"அவன் என்னை அக்கான்னு கூப்பிட்டான், ஒலிம்பியா. பானையத் தூக்கறப்பவும் அக்கான்னுதான் கூப்பிட்டான். ராத்திரி படுத்தா அதான் கேக்குது. யாராவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போனா நான் தூங்குவேன்." கொப்புளம் ஆறித் தோல் சுருங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "வரமாட்டாங்கல்ல?"

ஒலிம்பியாவுக்குத் தலைநகரிலிருந்து ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், விசாரணை நடக்கிறது என்றார்கள். அந்த வழக்கறிஞரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது என்றான் இன்னொருவன்.

"தெரியல சபினா," என்றாள். "நான் இனிமே எதையும் உனக்கு நிச்சயமா சொல்லமாட்டேன்."

சபினா சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை என்று வேலியோரம் நின்றவர்கள் சொன்னார்கள். முறிந்த கை சரியாகக் கூடாததால் ஒலிம்பியாவால் மாவு பிசைய முடியவில்லை. சபினாதான் ரொட்டி தட்டிக் கொடுத்தாள்.

யாரும் வரவில்லை. பாஸ்குவால் அடுத்த தேர்தலில் மேயர் ஆனான். எரிந்த நீதிமன்றத்தைக் கட்டித் தருவதாகப் புதிய அரசாங்கம் பலகை நட்டது. எங்கள் ஆட்கள் பலகையைப் பிடுங்கிப் பன்றிப் பட்டிக்குக் கதவாக்கிக்கொண்டார்கள். வழக்கு வம்பு எதுவானாலும் இப்போது பாஸ்குவாலின் பஸ் கொட்டகையில்தான் தீர்க்கிறார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வில்மரைத் தெற்கே ஒரு துறைமுக ஊரில் பார்த்ததாக வந்து சொல்கிறவர்கள் உண்டு.

சபினா கடையை மறுபடி திறந்தாள். ஆனால் கஞ்சி காய்ச்சுவதை விட்டுவிட்டாள், தமால் மட்டும்தான். அவள் அன்று கட்டிவைத்த துணி மூட்டை இன்னும் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குவதை, தமால் காசு கொடுக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன்.